ஆற்றோரம், ஆரஞ்சுத் தோப்பு, கிராவல் பாதை: கிழக்கு ஸ்பெயினில் சைக்கிள் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பின்னால் லாரி ஹாரன் கேட்காமல், ஆற்றை ஒட்டி, ஆரஞ்சு மரங்களுக்கு நடுவே நாள் முழுக்க சைக்கிள் ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்காக இந்தப் பக்கம். ஸ்பெயினின் கிழக்குக் கரையில், வலென்சியாவில் தொடங்கி வடக்கே எப்ரோ ஆற்றின் கீழ்ப்பகுதி வரை, இப்படிப்பட்ட பாதைகள் இருக்கின்றன. பந்தயத்துக்குப் பயிற்சி எடுக்கிறவர்களை நினைத்து இதை எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சைக்கிளை வெளியே எடுக்கிறவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், பிள்ளைகளோடு போக நினைப்பவர் ஆகியோரின் கேள்விகளே இதில் அதிகம்.

"வியா வெர்தே" என்கிறார்களே, அது என்ன?

ஸ்பானிஷில் "பசுமை வழி" என்று பொருள். ரயில் ஓடுவது நின்றுபோன தடங்களில் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் திறந்துவிட்ட பாதை. 1993இல் கணக்கெடுத்தபோது ஸ்பெயினில் 7,600 கிலோமீட்டருக்கும் மேல் ரயில் தடம் சும்மா கிடந்தது. அதில் 3,000 கிலோமீட்டருக்கு மேல் இன்று பசுமை வழியாக மாறியிருக்கிறது. பழைய பாலங்கள், சுரங்கப்பாதைகள், ஸ்டேஷன் கட்டடங்கள் எல்லாம் அப்படியே பயன்படுகின்றன. சில ஸ்டேஷன்கள் தங்கும் விடுதியாகவோ சாப்பாட்டுக் கடையாகவோ ஆகியிருக்கின்றன.

ஆரஞ்சுப் பகுதியில் உள்ள நல்ல பாதைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். வலென்சியா நகரத்திலிருந்து கிளம்பும் துரியா ஆற்றுப் பாதை மட்டும் ரயில் தடம் அல்ல, ஆற்றங்கரை.

நான் தினமும் ஓட்டுகிறவன் இல்லை. மலைப்பகுதி என்கிறார்கள், என்னால் முடியுமா?

முடியும். காரணம் ரயில் எஞ்சின்தான். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது பிடிமானம் குறைவு. ஏற்றம் கொஞ்சம் கூடினாலும் சக்கரம் வழுக்கும், சரக்கு வண்டி நின்றுவிடும். அதனால் அந்தக் காலத்துப் பொறியாளர்கள் மலையைச் சுற்றி வளைத்து, முடியாத இடத்தில் குடைந்து, பள்ளத்தில் பாலம் போட்டு, 100 மீட்டருக்கு இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் ஏறாதபடி தடம் அமைத்தார்கள். நிலக்கரி எஞ்சினுக்காகப் பட்ட அந்தப் பாட்டின் பலன் இன்று நம் முழங்காலுக்குக் கிடைக்கிறது.

ரயில் தடம் ஆற்றையே பிடித்துக்கொண்டு போவதற்கும் இதுதான் காரணம். மலையிலிருந்து கடலுக்கு இறங்க மிக மென்மையான வழியை ஆறு ஏற்கெனவே வெட்டி வைத்திருக்கிறது. மலைநாட்டின் தாதுவையும் விளைச்சலையும் துறைமுகத்துக்குக் கொண்டுவர நினைத்தவர்கள் அதன் பின்னாலேயே போனார்கள்.

ஆரஞ்சுத் தோட்டம் வழியாகப் போகும் பாதைகள் எவை?

நான் பரிந்துரைப்பவை நான்கு. எப்ரோ பள்ளத்தாக்கின் வால் தே சஃபான், பலான்சியா பள்ளத்தாக்கின் ஓஹோஸ் நேக்ரோஸ், வலென்சியா நகரத்தை ஒட்டிய துரியா ஆற்றுப் பாதை, கந்தியாவிலிருந்து ஒலிவா வரை போகும் சின்ன லா சஃபோர் பாதை. முதல் இரண்டையும் அடுத்தடுத்து விரிவாகச் சொல்கிறேன், அவற்றில் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

வால் தே சஃபான் பாதை எப்படி இருக்கும்?

ஒன்றே ஒன்றுதான் போக முடியும் என்றால் இதற்குப் போங்கள் என்பேன்.

அரகோன் பகுதியின் உள்நாட்டை மத்தியதரைக் கடலோடு இணைக்கும் திட்டத்தில் பிறந்த ரயில் பாதை இது. லா புயெப்லா தே ஹீஹார் என்ற ஊரில் தொடங்கி, எப்ரோ கழிமுகத்தை ஒட்டிய சான் கார்லெஸ் தே லா ராப்பிதா துறைமுகம் வரை போக வேண்டும் என்பது எண்ணம். கடலை அது எட்டவே இல்லை. தோர்தோசா வரை ரயில் வருவதற்கே 1940கள் ஆகிவிட்டன. 1973இல் ஒரு சுரங்கப்பாதை இடிந்து விழுந்தது. நஷ்டத்தில் ஓடிய தடத்தைச் சரிசெய்ய யாருக்கும் மனமில்லை, அதோடு மூடிவிட்டார்கள்.

சைக்கிளுக்கு மிகவும் ஏற்ற பகுதி அர்னெஸ் ஊர் அருகிலிருந்து தோர்தோசா வரை, ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அரகோனுக்கும் கத்தலோனியாவுக்கும் எல்லையாக ஓடும் அல்கார்ஸ் ஆற்றுக்குப் பக்கத்தில் கிளம்புகிறோம். வலப்புறம் எல்ஸ் போர்ட்ஸ் மலைத்தொடரின் சாம்பல் நிறப் பாறைகள், இடப்புறம் திராட்சை, பாதாம், ஆலிவ். கொஞ்ச தூரத்தில் குன்றின் மேல் ஓர்தா தே சான் ஜோவான். பிகாசோ பதினாறு வயதில் நோயிலிருந்து தேறிய பிறகு, 1898இல் இங்கே நண்பர் மானுவேல் பயாரெஸின் ஊருக்கு வந்து மாதக்கணக்கில் தங்கினார். 1909இல் மறுபடி வந்து இந்த ஊரின் வீடுகளைக் கட்டம் கட்டமாக வரைந்தார். பொருளைக் கட்டங்களாக உடைத்து வரையும் கியூபிச ஓவிய பாணியின் தொடக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த ஓவியங்களைத் தவறாமல் குறிப்பிடுவார்கள். பாதையிலிருந்து ஊருக்கு ஏறுவது கொஞ்சம் சிரமம்தான். ஆனாலும் ஏறிப் பாருங்கள். கூரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதைக் கண்ணால் கண்ட பிறகு அந்த ஓவியங்கள் வேறு மாதிரி தெரியும்.

போட் என்ற ஊரைத் தாண்டியதும் நிலம் சுருங்கிக் கனலெதெஸ் ஆற்றின் பாறை இடுக்காகிறது. சுரங்கப்பாதை, பாலம், மறுபடி சுரங்கப்பாதை என்று அடுத்தடுத்து வரும். கீழே ஃபோன்கால்டா என்ற பழைய தேவாலயமும் அதன் பக்கத்தில் வெதுவெதுப்பான ஊற்றும் இருக்கின்றன. வருடம் முழுக்க ஊற்று நீர் சுமார் 28 டிகிரியில் வருகிறது. பாதையிலிருந்து இறங்கிப் போய் ஆற்றில் காலை நனைத்துவிட்டு வர ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அவசரமாக ஓட்டித் தாண்டிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அப்புறம் பெனிஃபலெட் அருகே கடைசி மலையும் விலகி, எப்ரோ கண்முன் வருகிறது. 900 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி வந்த ஆறு, அகலமாக, அமைதியாக, பச்சை நிறத்தில் இருக்கும். ஆரஞ்சும் இங்கேதான் தொடங்குகிறது. செர்த்தா, அல்தோவெர் ஊர்களில் பாதையின் இருபுறமும் தோப்புதான். இந்தப் பகுதியின் கிளெமென்டைன் என்ற சிறு ஆரஞ்சுக்குப் புவிசார் குறியீடு உண்டு.

செர்த்தாவில் நம்மூர்க்காரர்கள் நின்று பார்க்க வேண்டியது அங்குள்ள அணைக்கட்டு. ஆற்றுக்குக் குறுக்கே சாய்வாகப் போட்ட தாழ்வான தடுப்பு அது. தேக்கிய தண்ணீர் இரு கரைக் கால்வாய்களிலும் பிரிந்து கீழே கழிமுகத்து நெல்வயல்களுக்குப் போகிறது. காவிரிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது. ஊருக்குள் தேவாலயச் சுவரில் எப்ரோ வெள்ளம் எந்த வருடம் எவ்வளவு உயரம் வந்தது என்று குறித்து வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது 1787ஆம் ஆண்டின் கோடு.

அந்த வழியில் உள்நாட்டுப் போர் நடந்த இடங்கள் உண்டாமே?

ஆம். 1938 ஜூலை 25 முதல் நவம்பர் 16 வரை நடந்த எப்ரோ போர் இந்த மலைகளில்தான் நடந்தது. ஸ்பானிஷ் உள்நாட்டுப் போரிலேயே மிக நீண்ட, மிக அதிக உயிரைக் குடித்த சண்டை. குண்டு வீச்சில் அழிந்த கொர்பெரா தெப்ரே ஊரின் பழைய பகுதியைத் திரும்பக் கட்டாமல், இடிபாடாகவே விட்டு வைத்திருக்கிறார்கள். அது சைக்கிள் பாதையில் இல்லை, கந்தேசா ஊருக்குப் பக்கத்தில், தார்ச்சாலை வழியாகப் போக வேண்டும். அதற்குத் தனியாக அரை நாள் வைத்துக்கொள்ளுங்கள், வழியில் எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பும் இடம் அல்ல அது.

ஓஹோஸ் நேக்ரோஸ் பாதை பற்றிச் சொல்லுங்கள்.

இது சுரங்கக் கம்பெனியின் தடம். தெருவேல் மாகாணத்தில் ஓஹோஸ் நேக்ரோஸ் என்ற ஊரில் வெட்டிய இரும்புத் தாதுவை சகுன்தோ துறைமுகத்துக்குக் கொண்டுவர, சியெர்ரா மெனேரா சுரங்க நிறுவனம் 200 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான தனி ரயில் பாதையை அமைத்து 1907இல் ஓட்டத் தொடங்கியது. பக்கத்திலேயே பொதுப் பயணிகள் ரயில் தடமும் போய்க்கொண்டிருந்தது. வாடகைப் பேரம் படியாமல்தான் கம்பெனி தனக்கென்று ஒன்று போட்டுக்கொண்டது என்பார்கள். 1972இல் தாதுவைப் பொது ரயிலில் ஏற்றத் தொடங்கியதும் தனித்தடம் தேவையற்றதாகிவிட்டது. இன்று ஸ்பெயினின் மிக நீண்ட பசுமை வழி என்று இதைத்தான் சொல்கிறார்கள். மொத்தம் 160 கிலோமீட்டர் அளவுக்கு ஓட்டலாம்.

முழுவதையும் ஓட்ட வேண்டியதில்லை. பர்ராகாஸ் மேட்டு நிலத்திலிருந்து அல்கீமியா தே அல்ஃபாரா வரையிலான ஏறத்தாழ 70 கிலோமீட்டர் போதும். பர்ராகாஸ் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளர்வது குளிரைத் தாங்கும் காட்டு ஜூனிப்பர் மரங்களும் கோதுமையும். அங்கிருந்து இறங்க இறங்க முதலில் பாதாம், அப்புறம் ஆலிவும் செர்ரியும், செகோர்பே தாண்டியபின் ஆரஞ்சு என்று நிலம் மாறிக்கொண்டே வரும். ஆரஞ்சு மரத்துக்கு உறைபனி ஆகாது, அதனால் அது எந்த உயரத்தில் தொடங்குகிறதோ அதுதான் பனிக்கும் கடற்காற்றுக்கும் இடையே உள்ள எல்லை. புத்தகத்தில் படித்தால் மறந்துபோகும் புவியியல், ஒரே நாளில் உடம்புக்குத் தெரிகிறது. காலையில் ஜாக்கெட் போட்டுக் கிளம்புகிறவர் மதியம் சட்டைக் கையை மடித்துவிட்டிருப்பார்.

வழியில் ஹெரிகாவின் செங்கல் கோபுரத்தையும் நவாஹாஸ் அருவியையும் பாருங்கள். செகோர்பேயில் ஆற்றோரமாக ஐம்பது குழாய் கொண்ட நீரூற்று இருக்கிறது. ஒவ்வொரு குழாய்க்கு மேலேயும் ஒரு ஸ்பானிய மாகாணத்தின் சின்னம். பாட்டிலை நிரப்பிக்கொள்ள வசதி.

பலான்சியா ஆறு கீழே வர வர மெலிந்து, சகுன்தோ அருகே பெரும்பாலும் வறண்ட மணலாகக் கிடக்கும். தண்ணீர் எல்லாம் மேலேயே வாய்க்கால்களில் தோட்டத்துக்குப் பிரிந்துவிடுகிறது.

நேரம் குறைவு, வலென்சியா நகரத்தில் ஒரே நாள்தான். என்ன செய்யலாம்?

துரியா ஆற்றுப் பாதை. 1957 அக்டோபர் 14 அன்று துரியா வெள்ளம் வலென்சியாவை மூழ்கடித்தது. அதற்குப் பிறகு ஆற்றையே நகரத்துக்குத் தெற்கே திருப்பிவிட்டார்கள். வற்றிய பழைய ஆற்றுப் படுகையில் நெடுஞ்சாலை போடும் யோசனை இருந்தது. மக்கள் எதிர்த்து நின்றதால் அது இன்று நகரத்தின் நடுவே கிலோமீட்டர் கணக்கில் நீளும் பூங்காவாக இருக்கிறது. பாலங்களுக்கு அடியில், ஒரு சிக்னலிலும் நிற்காமல் அதன் வழியாக மேற்கே போனால் கபெசேரா பூங்கா வரும். அங்கிருந்து நிஜ ஆற்றின் கரை தொடங்குகிறது.

கிராவல் பாதை ஆற்றோடு வளைந்து, மனீசஸ், ரிபா-ரோஹா ஊர்களைத் தொட்டு, விலாமர்ஷான்த் வரை 30 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போகும். நாணல், பாப்ளர் மரங்கள், ஆரஞ்சுத் தோப்பு, காய்கறித் தோட்டம், நடுவே பழைய மதகுகள். களைத்துவிட்டால் ரிபா-ரோஹாவிலிருந்து மெட்ரோ 9ஆம் எண் வண்டியில் திரும்பலாம்.

கிளம்பும் முன் ஒன்று. 2024 அக்டோபர் 29 வெள்ளத்தில் இந்தப் பள்ளத்தாக்கு கடுமையாக அடிபட்டது, பாதையில் இருந்த நடைபாலங்கள் பலவற்றை ஆறு கொண்டுபோய்விட்டது. எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று துரியா இயற்கைப் பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போங்கள். தடுப்புக் கட்டியிருந்தால் தாண்டிப் போகாதீர்கள்.

குழந்தைகளோடு போக எது நல்லது?

கந்தியா–ஒலிவா. சுமார் 7 கிலோமீட்டர், சமதளம், இருபுறமும் ஆரஞ்சு. கார்கைசெந்திலிருந்து தேனியா துறைமுகம் வரை ஓடிய குறுகிய பாதை ரயிலின் ஒரு துண்டு இது. முதலில் 1864இல் குதிரை இழுக்கும் வண்டியாகத் தொடங்கியது, பிறகு நீராவி வந்தது, 1974இல் முழுவதுமாக நின்றது. இந்த ரயில் சுமந்ததில் பெரும்பகுதி ஆரஞ்சுதான். வலென்சியாவில் ஆரஞ்சைத் தோப்பாகப் போட்டு விற்கும் வழக்கமே, 1781இல் கார்கைசெந்தில் ஒரு பாதிரியார் நட்ட தோட்டத்திலிருந்து தொடங்கியது என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள்.

எந்தத் திசையில் ஓட்ட வேண்டும்?

மலையிலிருந்து கடலை நோக்கி. ஏற்றம் குறைவுதானே, எந்தப் பக்கமாகப் போனால் என்ன என்று தோன்றலாம். ஆனால் இரண்டு சதவீத ஏற்றத்தைக் கிராவல் மண்ணில் 50 கிலோமீட்டருக்கு விடாமல் மிதித்தால் தெரியும். எப்ரோ பகுதியில் இன்னொரு காரணமும் உண்டு. வடமேற்கிலிருந்து பள்ளத்தாக்கு வழியாக வீசும் காற்று, அரகோனில் சியெர்சோ, கீழே மெஸ்ட்ரால். குளிர்காலத்திலும் வசந்தத் தொடக்கத்திலும் நாள்கணக்கில் ஓயாது. தோர்தோசாவை நோக்கிப் போகும்போது அது முதுகைத் தள்ளும். எதிர்த் திசையில் அதே காற்று இறக்கத்தில்கூட மிதிக்க வைக்கும்.

எந்த மாதம் போகலாம்?

பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரை, பிறகு அக்டோபர், நவம்பர். பிப்ரவரியில் மேல்நிலத்தில் பாதாம் பூக்கும். ஏப்ரலில் ஆரஞ்சுப் பூ. அந்த மணம் காலையிலும் சாயங்காலமும் பள்ளத்தாக்கு முழுக்க நிற்கும். பழம் பார்க்க வேண்டும் என்றால் நவம்பர் முதல் ஜனவரி வரை நல்லது, கிளெமென்டைன் அப்போதுதான் அறுவடை. பின்பருவ வலென்சியா ரகம் பூவும் பழமும் ஒரே மரத்தில் இருக்கும்படி வசந்தம் வரை தாங்கும், அதனால் ஏப்ரலில் இரண்டையும் பார்க்கலாம்.

ஜூலை, ஆகஸ்டில் போகாதீர்கள். 35 டிகிரிக்கு மேல் போகும், பாதையில் நிழல் குறைவு. பள்ளி விடுமுறை அப்போதுதான் என்றால் காலை ஆறரைக்குக் கிளம்பி பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள். இலையுதிர் காலத்தில் திடீர்ப் பெருமழை பெய்யும் நாள்களில் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தால் ஆற்றுப் பாதைப் பக்கமே போகக் கூடாது.

உண்மையிலேயே ஒரு வண்டியும் வராதா?

முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. தோட்டத்துக்குப் போகும் டிராக்டர், அறுவடைக் காலத்தில் பெட்டி ஏற்றும் வேன் ஆகியவை சில பகுதிகளில் வரும். ஊர்களுக்கு அருகே சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கும். நெடுஞ்சாலை பழைய தடத்தை விழுங்கிய இடங்களில் சுற்றுவழி போட்டிருக்கிறார்கள். டிராக்டர் வந்தால் இறங்கி ஓரமாக நின்று வழி விடுங்கள். நமக்கு அது விடுமுறை, அவருக்கு வேலை நேரம்.

நடப்பவர்களுக்கே எப்போதும் முன்னுரிமை. பின்னாலிருந்து வரும்போது தூரத்திலேயே மணி அடியுங்கள்.

எந்த சைக்கிள் வேண்டும்?

பாதை சில இடங்களில் தார், பெரும்பாலும் நன்றாக அழுத்திய கிராவல், மழைக்குப் பிறகு சில இடங்களில் கல் பெயர்ந்து கிடக்கும். 35 முதல் 45 மில்லிமீட்டர் டயர் போட்ட கிராவல் சைக்கிள் சரியாக இருக்கும். சாதாரண ஹைப்ரிட், மலை சைக்கிள், மின்சார சைக்கிள் எல்லாமே போதும். மெல்லிய டயர் ரேஸ் சைக்கிள் மட்டும் வேண்டாம்.

பஞ்சர் பற்றி எச்சரிக்கை. நம்மூர் நெருஞ்சி அங்கேயும் வளர்கிறது. கோடை முடியும்போது காய்ந்த முள் பாதையோரம் எங்கும் கிடக்கும். ட்யூப் இல்லாத டயரில் அடைப்புத் திரவம் ஊற்றி ஓட்டுவதே நிம்மதி. வாடகை சைக்கிள் எடுத்தால் இரண்டு ட்யூப், பம்ப், ஒட்டுப் பட்டை எல்லாம் இருக்கிறதா என்று கடையிலேயே சரிபார்த்து வாங்குங்கள்.

சுரங்கப்பாதைகளில் வெளிச்சம் இருக்குமா?

சிலவற்றில் ஆள் வந்தால் எரியும் விளக்கு உண்டு. அது எரியவில்லை என்றால் கும்மிருட்டுதான். அர்னெஸ்–தோர்தோசா வழியில் மட்டும் இருபதுக்கும் மேல் சுரங்கப்பாதைகள் வரும். சில வளைந்து போவதால் மறுமுனை வெளிச்சம் தெரியாது. அரகோன் பக்கம் வால்தெஅல்கோர்ஃபா அருகே உள்ளது 2 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். முன்விளக்கு, பின்விளக்கு இரண்டும் கட்டாயம். கைபேசி வெளிச்சம் போதாது. நுழையும் முன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள், வேகத்தைக் குறையுங்கள், உள்ளே நின்று படம் எடுக்காதீர்கள்.

ரயிலில் சைக்கிளை ஏற்றலாமா?

உள்ளூர், வட்டார ரயில்களில் ஏற்றலாம், ஆனால் ஒரு வண்டிக்குச் சில சைக்கிள்தான். அதனால் டிக்கெட் எடுக்கும்போதே சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அதிவேக ரயில்களில் சக்கரத்தைக் கழற்றிப் பையில் கட்ட வேண்டும். தோர்தோசாவுக்கு பார்சலோனாவிலிருந்து நேர் வண்டி உண்டு. பர்ராகாஸுக்கு வலென்சியா–தெருவேல் தடத்தில் போகலாம், ஆனால் அந்தத் தடத்தில் வேலை நடக்கும் காலத்தில் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள், பேருந்தில் சைக்கிளுக்கு இடம் கிடைப்பது சந்தேகம். முந்தின நாளே பார்த்து வைப்பது நல்லது.

அர்னெஸுக்கு ரயில் இல்லை. தோர்தோசாவில் தங்கி, காலையில் சைக்கிளோடு மேலே கொண்டுபோய் விடும் டாக்சியை முன்பதிவு செய்வதுதான் எல்லோரும் செய்வது. நாலு பேர் சேர்ந்தால் செலவு தாங்கும்.

சைவ சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், கேட்கும் விதத்தில் கேட்டால். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் சாலட்டில் டூனா மீன் வரலாம், காய்கறிக்குள் பன்றி இறைச்சித் துண்டு வரலாம். "சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் அதூன், சின் ஹமோன்" என்று இறைச்சி, மீன், டூனா, பன்றித் தொடைக்கறி ஒவ்வொன்றாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும் எண்ணெயில் போட்ட எஸ்கலிவாதா, தக்காளி தேய்த்த ரொட்டி, கொண்டைக்கடலையும் கீரையும், காய்கறி போட்ட பாயேயா என்ற சோறு இவையெல்லாம் நம்பிச் சாப்பிடலாம். முட்டை சாப்பிடுபவர்களுக்கு உருளைக்கிழங்கு டோர்த்தியா என்ற ஆம்லெட் எந்த ஊரிலும் இருக்கும். வலென்சியா பக்கம் வெயிலில் ஓட்டிவிட்டு வந்தால் ஓர்ச்சாத்தா குடியுங்கள். கோரைக் கிழங்கு வகை ஒன்றை அரைத்துப் பால் எடுத்துச் செய்வது, மாட்டுப்பால் கலக்காதது.

சமையலை விட நேரம்தான் பிரச்சினை. மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு, இரவு ஒன்பதுக்கு. நடுவில் சிற்றூர்க் கடைகள் சாத்தியிருக்கும், ஞாயிறு மதியத்துக்குப் பிறகு ரொட்டிகூடக் கிடைக்காது. காலையிலேயே வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் அப்படித்தான். போட் ஊருக்கும் பெனிஃபலெட்டுக்கும் நடுவே வழியில் கிடைப்பது அரிது, ஆளுக்கு இரண்டு லிட்டர் இருக்கட்டும்.

ஹெல்மெட் கட்டாயமா? விசா?

ஊர் எல்லைக்கு வெளியே எல்லோரும் ஹெல்மெட் போட வேண்டும். 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் ஊருக்குள்ளும் போட வேண்டும். அவசர உதவிக்கு 112. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா தேவை. வசந்த காலத்துக்குப் போக நினைத்தால் குளிர்காலத்திலேயே விண்ணப்பியுங்கள்.

பாதையோரம் தொங்கும் ஆரஞ்சைப் பறிக்கலாமா?

கூடாது. கை எட்டும் தூரத்தில்தான் இருக்கும், கீழே விழுந்தும் கிடக்கும். ஆனாலும் அது ஒருவருடைய விளைச்சல். பழத் திருட்டு அங்கே விவசாயிகளின் தீராத தலைவலி, அறுவடைக் காலத்தில் காவல்துறை தோட்டங்களைச் சுற்றி வருகிறது. தோட்டக்காரர் இருந்தால் கேளுங்கள். கேட்பவர்களுக்குக் கை நிறையப் பறித்துக் கொடுப்பவர்கள் அவர்கள்.

சில தோப்புகள் காய்ந்து, புதர் மண்டிக் கிடக்கின்றனவே, ஏன்?

இதைக் கேட்பவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் நன்றாகப் பார்த்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார்கள்.

வலென்சியாவில் நிலத்தை ஹனேகடா என்ற கணக்கில் அளப்பார்கள். ஒரு ஹனேகடா 831 சதுர மீட்டர், நம் கணக்கில் சுமார் இருபது சென்ட். பல குடும்பங்களிடம் இருப்பது சில ஹனேகடாதான், அதுவும் துண்டு துண்டாக. அவ்வளவு சின்ன நிலத்தில் இயந்திரம் கட்டுப்படியாகாது. தென்னாப்பிரிக்காவிலிருந்தும் எகிப்திலிருந்தும் ஐரோப்பியச் சந்தைக்குப் பழம் வருகிறது, தோட்டத்தில் கொடுக்கும் விலை சில வருடங்களில் பறிக்கும் கூலிக்கே போதவில்லை. அப்பா வைத்த மரத்துக்குத் தண்ணீர் விட நகரத்து வேலையிலிருக்கும் பிள்ளை வருவதில்லை. சிலர் வெட்டிவிட்டுச் சீமைப் பனிச்சையும் (பெர்சிமன் பழம்) அவகாடோவும் வைக்கிறார்கள், சிலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். கவனிப்பில்லாத தோப்பில் பூச்சி பெருகி அடுத்த தோப்புக்கும் பரவுகிறது. வாய்க்கால் முறை வைத்துத் தண்ணீர் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடும், ஒவ்வொரு பாசனக்காரர் விலகும்போதும் தளர்கிறது. வலென்சியா தேவாலய வாசலில் வியாழன்தோறும் நண்பகலில் கூடும் தண்ணீர் நீதிமன்றம், துரியா வாய்க்கால்களின் வழக்கை வாய்மொழியாகவே தீர்த்துவைக்கும் சபை. யுனெஸ்கோ 2009இல் அதைப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. நகரத்தில் வியாழக்கிழமை இருந்தால் அவசியம் போய்ப் பாருங்கள்.

சைக்கிள்காரர்களால் இதில் ஒரு சின்ன விஷயம் செய்ய முடியும். பாதையோரம் "நரன்ஹாஸ்" (ஆரஞ்சு) என்று அட்டை எழுதி வீட்டு வாசலில் மூட்டை வைத்திருப்பவரிடம் நேரடியாக வாங்குங்கள். கிலோவுக்கு நீங்கள் கொடுக்கும் காசு வியாபாரி கொடுப்பதைவிடப் பல மடங்கு. இரவு தங்குவதையும் பெருநகரத்தில் வைக்காமல் செர்த்தாவிலோ, செகோர்பேயிலோ, ஓர்தாவிலோ வையுங்கள். பல சிற்றூர்களில் ஒரே ஒரு சாப்பாட்டுக் கடைதான் இருக்கும். வார நாள்களிலும் அது திறந்திருப்பதற்கு இந்தப் பாதையில் வருகிறவர்களும் ஒரு காரணம், அதனால் செவ்வாய், புதனில் போக முடிந்தால் இன்னும் நல்லது.